நெவில் தாமதித்த பதினொரு நிமிடம்

நெவில் ஹோல்ராய்ட் எங்கள் ஊரில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினான். அந்த இருபத்தாறு வருடத்தில் அவன் வேலைக்கு ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. டிப்போ தொழிற்சங்கத்தில் பத்தொன்பது வருடம் பிரதிநிதியாக இருந்த நான் இதற்குச் சாட்சி. நான் தினமும் தாமதமாக வருவேன், அவன் தினமும் என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் பதினொரு நிமிடம் தாமதமாக வந்த குற்றத்துக்காக வேலையில்லாதோர் உதவித்தொகையை நான்கு வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

அவன் பஸ் ஓட்டுவதை விட்டதற்குக் காரணம் பெருங்குடலில் புண். வயிறு பிடித்தால் இரண்டு நிமிடம் அவகாசம், அதற்குமேல் அது யாருக்காகவும் காத்திருக்காது. நாற்பது பயணிகளை நடுரோட்டில் உட்கார வைத்துவிட்டு ஓட்டுநர் புதரைத் தேடி ஓட முடியாது என்பதால் அவனாகவே ராஜினாமா செய்தான். டிப்போவில் முதுகுவலி என்று சொன்னான். தங்கை மௌரீனிடமும் முதுகுவலிதான். இங்கே வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஆணுக்கு முதுகுவலி வரலாம், மாரடைப்பு வரலாம், இரண்டுமே கௌரவமானவை. இடுப்புக்குக் கீழே பின்பக்கமாக எதுவும் வரக்கூடாது.

அரசாங்கம் அவன் உடல்நிலையைப் பரிசோதிக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தது. கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னார், தூக்கினான். காலி அட்டைப்பெட்டியை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினான். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'குறை சொல்றதுக்கில்லை' என்றான். எங்கள் ஊரில் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவனைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அந்தப் பெண் தெற்கிலிருந்து வந்தவர். குறை எதுவும் இல்லை என்று தட்டச்சு செய்துகொண்டு போனார். நெவில் முழு ஆரோக்கியத்துடன் வேலை தேடத் தகுதியானவன் என்று கடிதம் வந்தது.

ஆகவே அவன் வாரம் முப்பத்தைந்து மணி நேரம் வேலை தேட வேண்டும், செவ்வாய்தோறும் பத்து மணிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். வேலை தேடுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லித்தர பெத்தனி என்று ஒரு பயிற்சியாளர். வயது இருபத்தைந்து. அதற்கு முந்தைய வருடம் செல்போன் கடையில் உறை விற்றுக்கொண்டிருந்த நல்ல பெண். சுவரில் 'ஒவ்வொரு நாளும் ஒரு புதிய வாய்ப்பு' என்று சூரியகாந்திப் பூ போட்ட படம் ஒட்டி வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். நெவில் மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். வயிறு பிடித்தது. மார்க்கெட்டில் இருந்த பொதுக் கழிப்பறையை நகராட்சி ஆறு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டது. அதை வாங்கியவர்கள் பழைய ஓடுகளை அப்படியே பளபளவென்று துடைத்து காபிக் கடை ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கடையில் கழிப்பறை கிடையாது. அதற்கு அடுத்தது நாய், குதிரைமேல் பணம் கட்டும் பந்தயக் கடை. அங்கே உண்டு, ஆனால் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். நெவில் ஒரு பவுண்டு கொடுத்து ஏதோ ஒரு நாயின் மேல் பந்தயம் கட்டினான், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பொத்தானை அழுத்தினாள், கழிப்பறைக் கதவு திறந்தது. அதற்குள் பாதி நடந்து முடிந்திருந்தது.

பத்து பதினொன்றுக்கு அவன் பெத்தனியின் மேசை முன்னால் நின்றான். பத்து பத்துக்கே கணினி அவன் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று போட்டு மூடிக்கொண்டது. வராதவன் எதிரில் நிற்பதைப் பெத்தனி பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரையை நம்பினாள். ஏன் தாமதம் என்று கேட்டாள். நெவில் பஸ் லேட் என்றான்.

இதே காரணத்துக்காக முன்பே இரண்டு முறை உதவித்தொகையை நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு முறையும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது என்பதால் நான்கு வாரம். மெதடிஸ்ட் சர்ச்சில் இலவச உணவுப் பை கொடுத்தார்கள். வயிறு சரியில்லாதவனுக்கு அதில் ஆறு டின் பீன்ஸ்.

புதன்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு ஊர்க்காரர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுப்பது வழக்கம். ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரனுக்குச் சண்டை இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. நெவில் வந்தான். பஸ் லேட் என்று எழுதச் சொன்னான். முந்தைய இரண்டு நிறுத்தத்தையும் சேர்த்து அப்படியே எழுதினேன். சட்டப்படி முதல் மேல்முறையீட்டை அதே அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நீ அடித்தது சரியா என்று அடித்தவனையே கேட்கும் ஏற்பாடு. அவர்கள் ஆறு வாரம் ஆழ்ந்து யோசித்து, அடித்தது சரிதான் என்றார்கள். அடுத்தது தீர்ப்பாயம்.

தீர்ப்பாயத்துக்காக அலுவலகம் அனுப்பிய காகிதக் கட்டில் பஸ் நிறுவனத்தின் பதிவு இருந்தது. அவன் வந்த இருபத்தெட்டாம் நம்பர் பஸ் நேரத்துக்கு வந்ததாக யாருக்கும் நினைவில்லை. குறிப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறது.

நெவிலின் காகித உறையை மேசையில் கொட்டித் தேடினேன். பஸ் ஓட்டியவன், எந்தத் துண்டுச் சீட்டையும் எறிய மாட்டான். பந்தயச் சீட்டு விழுந்தது. அதே தேதி, மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"என்னடா இது? காலங்காத்தால நாய்ப் பந்தயமா?"

அவன் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். நூலகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தின் மறைவில், என் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வருடத்தில் டாக்டருக்கு அடுத்து இதைக் கேட்ட முதல் ஆள் நான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்று குஷிதான். தோற்ற வழக்கு ஜெயிக்கிற வழக்காகிவிட்டது. டாக்டர் கடிதம் இருக்கிறது, நேரம் போட்ட சீட்டு இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டை அவன் வாயால் விளக்காமல் நீட்டினால், உதவித்தொகையில் நாய்ப் பந்தயம் ஆடுகிறவன் என்றாகிவிடும்.

"நீயே சொல்லணும், நெவ்."

"மாட்டேன்."

"நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன், லெஸ்."

அவனை மூன்று புதன்கிழமை கரைத்தேன். அறையில் நீதிபதி ஒருத்தர், உதவித்தொகைத் துறையின் ஆள் ஒருத்தர், நாம் இரண்டு பேர், அவ்வளவுதான், அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்றேன். டிப்போவில் வேலைநிறுத்தத்துக்கு ஆட்களைத் திரட்டிய அதே குரலில் சொன்னேன். அந்தக் குரலை நம்பி முன்பும் சிலர் கெட்டிருக்கிறார்கள்.

விசாரணை பக்கத்து ஊரில், ஒரு பழைய காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். வழியில் எதுவும் நேர்ந்துவிடக்கூடாது என்று நெவில் முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. சகோதரனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தான், அது இப்போது அவன்மேல் தொங்கியது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. துறையின் பிரதிநிதியாக வந்த இளைஞன், நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடத்துவதுபோல எழுந்து நின்றான். உட்காரலாம் என்று நீதிபதி இரண்டு முறை சொன்ன பிறகு உட்கார்ந்தான். மனுதாரர் பஸ் தாமதம் என்று எழுத்தில் கூறியிருக்கிறார், பஸ் தாமதமில்லை என்று ஆவணம் கூறுகிறது, ஆகவே மனுதாரரின் நம்பகத்தன்மை கடுமையான கேள்விக்குள்ளாகிறது என்றான். நம்பகத்தன்மை என்ற சொல் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐந்து தடவை சொன்னான்.

நீதிபதி நெவிலைப் பார்த்தார். "மிஸ்டர் ஹோல்ராய்ட், பஸ் லேட்டா, இல்லையா?"

நெவில் கையை மேசைமேல் வைத்தான். ஸ்டியரிங் பிடிப்பதுபோல இரண்டு கையும் அகலமாக இருந்தன. நான் மேசைக்கடியில் அவன் காலை லேசாக மிதித்தேன்.

டிப்போவில் விபத்து நடந்தால் ஓட்டுநர் மேலாளரிடம் நேரம் நேரமாகச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரிந்த அந்த ஒரே முறையில்தான் சொல்ல ஆரம்பித்தான்.

"ஒன்பது அம்பத்தொண்ணு, மார்க்கெட் ஸ்டாப்ல எறங்குறேன். பஸ் லேட் இல்லை. அம்பத்திரண்டு, வயித்துல பிடிக்குது. எனக்குப் பெருங்குடல்ல புண்ணு மேடம். ரெண்டு நிமிஷம்தான் தாங்கும். பழைய டாய்லெட்டுக்குப் போனேன், அது காபிக் கடை. அம்பத்தஞ்சு, பந்தயக் கடை. காசு கட்டினாத்தான் கதவைத் திறப்பாங்க, கட்டினேன். ஆனா அதுக்குள்ள..." சுவரைப் பார்த்தான். "அதுக்குள்ள ஆயிருச்சு. டிரவுசரை சிங்க்ல அலசினேன். கை காயவைக்கிற மெஷின்ல காட்டினேன், அது தானா நின்னு நின்னு போச்சு. பத்து நாலுக்கு வெளிய வந்தேன். பத்து பதினொண்ணுக்கு ஆபீஸ். ஈரத்தோட நின்னேன். அந்தப் பொண்ணு என்னை உக்காரச் சொல்லலை. அதுக்கு இன்னிக்கும் அவளுக்கு நன்றி சொல்லணும்."

இளைஞன் தாளைப் புரட்டினான். நம்பகத்தன்மையை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. கடைசியில், தாமதமாகும் என்று ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஒரு கையில டிரவுசர் இருந்துச்சு தம்பி," என்றான் நெவில். "இன்னொரு கையால மெஷினை அமுக்கிட்டு இருந்தேன்."

"சரி, அந்த அலுவலரிடம் உண்மையையே சொல்லியிருக்கலாமே?"

"பத்து மேசை இருக்கு அங்க. நடுவுல நின்னுகிட்டா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எங்களை வெளியே போய்க் காத்திருக்கச் சொல்லவுமில்லை, அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். மூன்று நிறுத்தமும் ரத்து. துறை மனுதாரரின் உடல்நிலைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். மன்னிப்புக் கேட்பது தன் அதிகாரத்தில் இல்லை, ஆனாலும் வருந்துவதாகச் சொன்னார். படியிறங்கும்போது நான் நெவிலின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் படிகளை எண்ணுகிறவன்போல இறங்கினான். கீழே வந்ததும் எங்காவது டீ குடிக்கலாம் என்றேன். வீட்டுக்குப் போகணும் என்றான்.

அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்று நான் சொன்னேன் அல்லவா. தீர்ப்பின் நகல் அலுவலகத்துக்குப் போனது. மலக் கட்டுப்பாடின்மை என்று தெளிவான அச்சில், மனுதாரர் நேர்மையான சாட்சி என்ற பாராட்டுடன். அலுவலகம் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு ஏற்பாடுகள் செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நெவில் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே நுழைந்தான். பெத்தனி தூரத்திலிருந்தே எழுந்து கையாட்டினாள். அவள் மனதில் கள்ளம் இல்லை, அவன் ஜெயித்ததில் அவளுக்கும் சந்தோஷம்.

"நெவில், கவலையே படாதீங்க! இனிமே உங்களுக்கு டாய்லெட் பக்கத்து மேசைதான். சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு, அவசரம்னா கத்துங்க, ஓடி வந்துடுவார்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் டிப்போ ஆட்கள். அவன் அந்த மேசையில் உட்கார்ந்து, வேலை தேடிய பட்டியலைக் காட்டி, நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தான். வெள்ளிக்கிழமைக்குள் தொழிலாளர் கிளப்பில் அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவே உதவித்தொகையே வேண்டாம் என்று கணினியில் எழுதிக் கொடுத்துவிட்டான். நிறுத்தியதை எதிர்த்துப் போராட எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. விலகுவதற்கு நான்கு நிமிடம் ஆனதாம், உடனே வாழ்த்துச் செய்தியும் வந்ததாம். அலுவலகத்துச் சுவரில் மாதாமாதம் உதவியை விட்டு வெளியேறியவர்களின் எண்ணிக்கையைப் பச்சை மையில் எழுதுவார்கள். அந்த மாதம் அதில் நெவிலும் ஒருவன். கேட்டால், பயிற்சியின் பலன் என்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவன் தங்கை வீட்டுக்குப் போனேன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே மாடி அறையில் இருந்தான். மௌரீன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டாள். இன்னும் மெலிந்திருந்தான். நிறுத்தி வைத்த பணம் மொத்தமும் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்தது, மௌரீனிடம் கொடுத்துவிட்டேன் என்றான். திரும்பவும் மனுப் போடலாம், இந்தத் தடவை உடம்பு முடியாதவர்கள் பிரிவில் போடலாம், டாக்டரும் எழுதித் தருவார், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று பேசிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தான்.

"நீ ஜெயிச்சிட்ட லெஸ்," என்றான். "யார்கிட்டயும் சொல்லிக்காத, அது போதும்."

சரி என்றேன். அந்தப் புதன்கிழமை நூலகத்தில் வைப்பதற்கான துண்டுப்பிரசுரம் ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. தீர்ப்பாயத்தில் நாங்கள் வென்ற வழக்கு முதல் பக்கத்தில் இருந்தது, நானே எழுதியது. பெயரை மாற்றியிருந்தேன். முன்னாள் பஸ் ஓட்டுநர் என்பதை மட்டும் அப்படியே விட்டிருந்தேன், படிப்பவர்களுக்கு மனதில் பதியட்டும் என்று.