பலாமரத்துக் கரடியின் ஆயுசு

கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் பாவாயியின் வாய்க்குப் பயப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கரடி. ஆனி பிறந்தால் போதும், அவளுடைய காட்டோரத்துப் பலாமரத்துக்கு விடிந்ததும் வந்துவிடும். பழுத்த வாசம் பாவாயியின் மூக்குக்கு வருவதற்குள் அதன் மூக்குக்குப் போய்விடும். அவள் போய்ப் பார்த்தால் சக்கையும் கொட்டையும்தான் கிடக்கும்.

மற்ற வருஷமென்றால் நாலு வசவோடு விட்டிருப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அப்படி விட முடியவில்லை. மகள் இருசாயி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "ஆத்தா, நம்ம மரத்துப் பழத்துல ரெண்டு சுளை தின்னாப் போதும்" என்று ஆசையாகக் கேட்டாள். மறுநாளே முதல் பழத்தைக் கரடி முடித்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வாய்க்குப் போகவேண்டியதைப் பிடுங்கித் தின்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? அந்தக் கரடி செத்தால் பொங்கல் வைப்பதாகவே பாவாயி வேண்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அருணாசலம் வந்து சேர்ந்தார். ராசிபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். விறைத்துப்போய் நிற்கும் கல்யாண ஜோடிகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போனவர். காட்டுக் கரடியை அதன் காட்டிலேயே வைத்து ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று பேளுக்குறிச்சிப் பக்கமிருந்து காமிராவைச் சுமந்துகொண்டு ஏறியிருந்தார். வழுக்குப்பாறையில் அவர் விழுந்த வேகத்தில், படம் பதியும் கண்ணாடித் தகடுகளெல்லாம் நொறுங்கி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

காமிராவைக் கண்டதும் ஊர்ச் சனம் கதவைச் சாத்திக்கொண்டது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். முழு ஆளாகப் பிடித்தால் கொஞ்சம் குறையும். தலையை மட்டும் பிடித்தால் கதை அத்தோடு முடிந்தது. பாவாயி மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே கரடியவா புடிக்கப் போறீங்க? முழுசாவா, தலை மட்டுமா?"

"முகம்தாம்மா பெரிசா வரணும். அதுதான் ஆசை."

"அப்படியே பண்ணுங்க சாமி! நீங்க நல்லா இருப்பீங்க!"

இந்த மலையில் இப்படி ஒரு ரசிகையா என்று அருணாசலத்துக்குப் புல்லரித்துவிட்டது.

பலாமரத்தில் தாழத் தொங்கிய ஒரு பழம் அன்று பழுக்கும் பதத்தில் இருந்தது. அதற்கு எதிரே ஒரு புதர் மறைவில் காமிராவை வைத்தார். கரடியின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் படத்தில் உயிர் இருக்கும் என்று அதன் மூன்று கால்களையும் குறுக்கித் தரையோடு தரையாக வைத்தார். முகத்துக்குப் பின்னால் குச்சியும் கொடியும் தெரியக்கூடாது என்றார். பாவாயி அரிவாளை எடுத்து வெட்டித் தள்ளினாள். மூக்குக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்றார். உயிர் வெளியே போக வழி வேண்டுமல்லவா என்று அவள் புரிந்துகொண்டாள்.

"எல்லாத்தையும்விட முக்கியம், கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழணும். அப்பத்தான் பிடிச்சேன்."

"அங்கதானுங்க உசுரு இருக்குது" என்று பாவாயி பயபக்தியோடு தலையாட்டினாள்.

காமிராவின் கறுப்புத் துணிக்குள் அவளையும் பார்க்கவிட்டார். கண்ணாடியில் பலாமரம் தலைகீழாகத் தொங்கியது. பாவாயிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மரத்துக்கே இந்தக் கதி என்றால் கரடி எம்மாத்திரம்?

மறுநாள் விடிந்து வெயில் மரத்தடிக்கு இறங்கியபோது இருவரும் புதருக்குள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் வாடை கரடிக்குப் போகாதபடி காற்று அவர்கள் பக்கமாக அடித்தது. தகடு காமிராவுக்குள் இருந்தது. அருணாசலத்தின் கையில் ரப்பர் பந்து. அதை அமுக்கினால் படம்.

கரடி வந்தது. பக்கவாட்டில் நின்று பழத்தை முகர்ந்தது. மூக்கிலிருந்து காது வரை வெயில் விழுந்தது. அருணாசலம் பந்தை அமுக்காமல் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம், முகத்தை இப்படித் திருப்பிவிட்டால் போதும்.

அப்போதுதான் பாவாயி பார்த்தாள். கரடியின் முதுகு மயிருக்குள் ஏதோ அசைந்தது. ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் தாயின் மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சவாரி வந்திருந்தன. பாவாயிக்கு வீட்டில் படுத்திருக்கும் இருசாயியின் வயிறுதான் நினைவுக்கு வந்தது.

"வேண்டாங்க! குட்டி இருக்குதுங்க!"

கத்திக்கொண்டே காமிராவுக்கு முன்னால் பாய்ந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கரடி சட்டென்று முகத்தைத் திருப்பியது. அருணாசலம் பதறிப்போய்ப் பந்தை அமுக்கிவிட்டார். கரடி ஓர் உறுமல் உறுமிவிட்டுக் குட்டிகளோடு காட்டுக்குள் ஓடியது.

"கெடுத்தீங்களேம்மா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் அருணாசலம். பாவாயி கரடி விட்டுப்போன பழத்தை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இருசாயி ஆசை தீரத் தின்றாள்.

ஆடி முடிவதற்குள் அருணாசலம் மறுபடியும் மலையேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. படத்தின் ஒரு பாதியில் பாவாயியின் முந்தானை மேகம்போல மங்கிக் கிடந்தது. மறுபாதியில் கரடியின் முகம், ஒவ்வொரு மயிரும் தெரிய, நேருக்கு நேர் பார்த்தது. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். தன் ஆயுளில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்றார்.

பாவாயி முகத்தைப் பார்க்கவேயில்லை. படத்தை மூலைக்கு மூலை தேடினாள்.

"குட்டிங்க வந்திருக்குதுங்களா?"

"இல்லம்மா. உங்க சேலை மறைச்சிடுச்சு."

பெருமூச்சு விட்டாள். பிறகுதான் தாயின் முகம் கண்ணில் பட்டது. தலை மட்டும். பாவாயியின் முகம் வாடிப்போயிற்று. தாயைத் தொலைத்துவிட்டால் அந்தக் குட்டிகள் எங்கே போகும்?

அடுத்த ஆனியும் வந்தது. பலா பழுத்தது. வாசம் ஊரைத் தூக்கியது. கரடி வரவில்லை. பழங்கள் மரத்திலேயே வெடித்தன; ஈ மொய்த்தது. பிள்ளையோடு வந்திருந்த இருசாயி, பழங்களை மூட்டை கட்டிச் சந்தைக்கு எடுத்துப்போகச் சொன்னாள். பாவாயி தாழத் தொங்கிய பழத்தைத் தொடவே விடவில்லை. தினமும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மரத்தடியைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பினாள். அவள் வாய் மூடியிருப்பதைக் கண்டு ஊரே பயந்தது.

ஒரு காலையில் மரத்தடியெல்லாம் சக்கை. கொட்டை கொட்டையாகக் கரடி விட்டை. ஈரமண்ணில் ஒரு பெரிய கால்தடம், பக்கத்தில் வளர்ந்த குட்டிகளின் தடங்கள்.

"பாழாப்போனதே! ஒண்ணுகூட வெக்காமத் தின்னுபோட்டியா? நீ விளங்குவியா?"

பாவாயி திட்டிய சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டது. திட்டிக்கொண்டே பேத்தியைத் தூக்கித் தூக்கிப் போட்டுச் சிரித்தாள். அன்று மாலையே பொங்கல் வைத்தாள்.