முகூர்த்தக்காரர்களோடு ஒரு டீ

தவளக்குப்பம் ஜங்ஷனில் புடவைக்கடை வைத்திருக்கும் சௌந்தரராஜனுக்கு, உலகத்தில் எந்த வியாதிக்கும் ஒரு டப்பா உண்டு என்று நம்பிக்கை. மனைவி வள்ளிநாயகிக்குச் சர்க்கரை ஏறியபோது வெந்தய மாத்திரை, பாகற்காய்ப் பொடி, டிவி விளம்பரத்தில் வந்த மூலிகைப் பவுடர் என்று அலமாரியை நிரப்பிவிட்டார். சர்க்கரை மசியவில்லை.

போதாததற்குக் கண்ணில் புரை விழுந்தது. சர்க்கரை இறங்காமல் ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஐப்பசியில் வள்ளிநாயகி அரக்கு என்று நினைத்துக் கருநீலப் புடவையை முகூர்த்தத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட, பெண் வீட்டார் திரும்பி வந்து கடைவாசலில் சத்தம் போட்டார்கள். நிறம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்தவள் அவள்.

"இந்த சீசனோட நான் கடைக்கு வர்றத நிறுத்திக்கிறேங்க" என்றாள்.

அவள் இல்லாத கடையைச் சௌந்தரராஜனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாளே இன்னொரு டப்பாவோடு வந்து நின்றார்.

"டாக்டர் குடுத்த மாத்திரைய போடறேன். இது வேணாம். நாம ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிக்கிறோம், யோசிச்சீங்களா?"

யோசித்தார். திடுக்கென்றது. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு டீ வரவழைப்பது கடை வழக்கம். கூட உட்கார்ந்து தாங்களும் குடிக்காவிட்டால் மரியாதைக் குறைவு. சீசனில் ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம். அத்தனை பேரோடும் அவளைச் சர்க்கரை தூக்கலான டீயைக் குடிக்கவிட்டு, படுக்கப் போகும்போது பாகற்காய்ப் பொடியைக் கரைத்துக் கொடுத்த புத்திசாலி அவர்தான்.

"நீ மட்டும் குடிக்காம உக்காந்தா இன்னா நெனப்பாங்க?"

"குடிக்கத்தான் போறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுடைய எவர்சில்வர் டம்ளரில் வெறும் வெந்நீர். வந்தவர்களோடு சேர்ந்து ஊதி ஊதிக் குடித்தாள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கிருமாம்பாக்கம் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிக் கரும்புக்கொல்லை ஓரமாக நடந்தாள். மங்கின கண்ணோடு போகாதே என்றால், "வழி எனக்குத் தெரியும், நீங்க தூங்குங்க" என்பாள். தட்டில் சோறு குறைந்து கீரையும் அவரைக்காயும் குவிந்தன. கடை மூடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவந்த ராச்சாப்பாட்டை, இருட்டுவதற்குள் கடையிலேயே முடித்துக்கொண்டாள். எதற்கும் முணுமுணுக்கவில்லை. இவளிடம் இத்தனை வைராக்கியமா என்று சௌந்தரராஜன் ஆச்சரியப்பட்டார். அலமாரியைத் திறக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

பங்குனியில் சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

கட்டுப் பிரித்ததும் வள்ளிநாயகி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் புருஷனையே பார்த்தாள்.

"இன்னாங்க, இவ்ளோ நரைச்சிட்டீங்க."

கிழவனாகிவிட்டாய் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் பாகூர் கொம்யூன் வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சித்திரை முகூர்த்தத்துக்குப் பொடவ நான்தான் எடுத்துப் போடுவேன்" என்றாள். பிறகு அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி, சட்டைப் பொத்தானைப் பிதுக்கிக்கொண்டிருந்த வயிற்றில் வந்து நின்றது.

"இத எப்பலேர்ந்து வெச்சிருக்கீங்க?"

சௌந்தரராஜன் வயிற்றை எக்கிப் பார்த்தார். எக்க வரவில்லை.

"நீ மறுபடி நடக்கக் கெளம்பறப்ப என்னையும் எழுப்பு வள்ளி" என்றார்.