ஒரு படி கீழே

சரக்கு விமானம் ஓட்டும் அவள் வானத்தில் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவள். கல்லூரிப் பட்டம் மட்டும்தான் இல்லை. அது இல்லாதவரைப் பெரிய பயணிகள் விமான நிறுவனங்கள் வாசலை மிதிக்க விடாது. அதனால் சரக்கு இறங்கும் வரை விமானிகள் ஓய்வறையில் மடிக்கணினியைத் திறந்து, நான்கு வருடம் முட்டி மோதி, இணையவழியில் பட்டம் வாங்கினாள். விண்ணப்பத்தில் ஆன்லைன் என்று எழுதித் தொலைக்காதே, சான்றிதழில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார் அக்காள் கணவர். மறைக்க இதென்ன திருட்டுச் சொத்தா என்று கேட்டுவிட்டு, ஆன்லைன் என்றே எழுதினாள்.

நேர்காணலில் ஆள்சேர்ப்பு மேலாளர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். ஜன்னலோர இருக்கையைத் தவிர விமானத்தில் வேறெதையும் அறியாத மனிதர். கல்லூரி வாசலையே பார்க்காதவருக்கு ஒழுங்கு எங்கிருந்து வரும் என்றார். பரீட்சையை யார் எழுதிக் கொடுத்தது என்று இளித்துக்கொண்டே விசாரித்தார்.

பக்கத்தில் அவளுடைய பறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பயிற்சி கேப்டன் நிமிர்ந்தார்.

"நம்ம கம்பெனியில சேர்ற விமானிக்கே முதல் மூணு வாரப் பாடம் கம்ப்யூட்டர்லதான் சார் நடக்குது."

"அது வேற," என்றார் மேலாளர்.

எப்படி வேறு என்று விளக்காமல் அடுத்த தாளைப் புரட்டினார். தெரிந்தால்தானே சொல்ல.

மறுநாள், தரையிலிருந்தபடியே பறக்கப் பழக்கும் சிமுலேட்டரில் சோதனை. மேலே கிளம்பிய கையோடு கேப்டன் ஒரு என்ஜினை நிறுத்தினார். அவள் பதறாமல் நேராகப் பிடித்து, ஒரு சுற்று வந்து இறக்கினாள். கேப்டன் தாளில் ஒரே சொல் எழுதினார்: தேர்ச்சி.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வேலை உண்டு, பட்டம் இணையவழி என்பதால் சம்பளம் மற்றவர்களைவிட ஒரு படி கீழே. அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. மேலாளருக்கே போன் போட்டாள்.

"ஒரு படி கீழன்னா எப்படி சார்? பயணிகள்ல முக்கால்வாசிப் பேரப் பத்திரமா இறக்கினா போதுமா?"

அவர் இருமினார். நிறுவன விதி என்று எதையோ மென்று விழுங்கினார். அந்த விதியை அனுப்பி வையுங்கள் என்றாள். இருந்தால்தானே அனுப்ப. நான்காம் நாள் சம்பளத்தை மற்றவர்களுக்குச் சமமாகத் திருத்திய கடிதம் வந்தது, வருத்தம் என்று ஒரு சொல் இல்லாமல்.

அவரைப் பத்து நாள் காக்கவைத்தாள். பெரிய விமானத்தின் மேல் ஆசை இருந்ததே, கையெழுத்துப் போட்டாள். பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு சரக்கு விமானத்துக்குக் கிளம்பினாள். அங்கே இன்னும் ஒரு மாத வேலை பாக்கி இருந்தது.