கரண்டிச் சத்தம்

ரோஜா ஈரத் துணியைப் பிழிந்து அக்காவின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது, மாடியில் மகள் பிரீத்திகா பேசிய ஜெர்மன் வாக்கியத்தில் எங்கோ ஒரு தப்பு நேர்ந்திருக்க வேண்டும். அக்காவின் கண்கள் மூடித்தான் இருந்தன. வலது கையில் இருந்த கரண்டி மட்டும் மெல்ல உயர்ந்து, கட்டில் கம்பியில் ஒரு முறை தட்டியது.

மாடியில் பேச்சு நின்றது. கொஞ்சம் யோசனை. பிறகு அதே வாக்கியம் திரும்ப வந்தது.

ரோஜாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் அக்கா படுத்ததிலிருந்து இந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒன்று பிடிபட்டிருந்தது. கரண்டிச் சத்தத்துக்குப் பிறகு திரும்பி வருகிற வாக்கியத்தில் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒரு சொல் முன்னால் போயிருக்கும், அல்லது வால் நீண்டிருக்கும். மாறியது சரியாக இருந்தால் அக்காவின் உதட்டோரம் லேசாக இழுபடும்.

இன்று உதடு இழுபடவில்லை. வைத்த தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது. ரோஜா முந்தானையால் துடைத்தாள்.

அக்கா இசைவாணி படித்ததெல்லாம் தப்புகளைப் பற்றித்தான். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், திருத்தங்கலில் அப்பா வேலை பார்த்த அச்சாபீசுக்கு ஒரு ஜெர்மன் மெஷின் வந்தது. அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போனவள், மெஷினின் பொத்தான்களில் இருந்த எழுத்துகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். அர்த்தம் சொல்ல ஆளில்லை. மறுநாள், மெஷின் மாட்ட வந்திருந்த வெள்ளைக்காரரிடமே கையை விரித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தி ஓடுகிற மெஷினை நிறுத்திக் காட்டினாராம். அதுதான் அவள் கற்ற முதல் சொல்.

பிறகு விருதுநகரில் ஆங்கிலம், சென்னையில் மாலை வகுப்பில் ஜெர்மன், ஐதராபாத்தில் எம்.ஏ., இடையில் இரண்டு வருடம் ஜெர்மனியிலேயே. தமிழ்ப் பிள்ளைகள் ஜெர்மன் பேசும்போது எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள், ஏன் அங்கே விழுகிறார்கள் என்று தடித்த புத்தகமாக எழுதி டாக்டர் பட்டம் வாங்கினாள். புனேயில் ஒரு கல்லூரியில் பேராசிரியை ஆனாள். ரோஜா இங்கே பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்தாள். தீபாவளி முடிந்து கம்பெனி கொஞ்ச நாள் மூடும்போது அக்கா ஊருக்கு வருவாள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துப் பேசித் தீர்ப்பார்கள்.

சேருவதற்குப் பிள்ளைகள் இல்லையென்று அந்தக் கல்லூரியில் ஜெர்மன் துறையை மூடினார்கள். இசைவாணி புத்தகப் பெட்டிகளோடு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். மாடியில் தகரக் கூரை போட்ட அறையில், ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்குப் போக விரும்பும் நர்சுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். அவளோடு வேலை பார்த்த ஒருவர் போனில், "கவிதை நடத்துன நீங்க இப்ப காய்ச்சல் பாக்குற பாஷையா நடத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"காய்ச்சக்காரன் கிட்டப் பேச முடியாத பாஷை எதுக்கு சார்?" என்றாள் இசைவாணி.

வகுப்பில் அவள் தப்பை வாயால் சொல்ல மாட்டாள். விரலால் மேசையைத் தட்டுவாள், அவ்வளவுதான். "நாம சொல்லிட்டா அது நம்ம தப்பாயிரும் ரோஜா. இங்கன ஒண்ணு கெடக்குன்னு மட்டும் காட்டணும். தேடி எடுக்குறது அவுக வேலை" என்பாள். வயிற்றில் வந்த நோய் ஈரலுக்கும் ஏறி மாடிப்படி ஏற முடியாமல் போனதும், கட்டிலைப் படிக்கட்டின் அடியில் போடச் சொன்னாள். மேசைக்குப் பதில் கட்டில் கம்பி, விரலுக்குப் பதில் கரண்டி. மற்றப் பிள்ளைகளை வேறு வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டாள். ரோஜாவின் மகள் பிரீத்திகாதான் கடைசி.

இன்று இரண்டு மணிக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்கள் லேப்டாப்பில் வந்து பிரீத்திகாவிடம் பேசுவார்கள். பிடித்திருந்தால் வேலை. ஆடி மாதம் ஒரு முறை இதே நாள் வந்து கைநழுவிப் போனது. அன்று பெரியம்மாவுக்கு ரத்த வாந்தி; பிரீத்திகா மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு நாள் வாங்கினார். "இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

காலையில் இசைவாணிக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது.

"எது நடந்தாலும்… பிள்ள பேசி முடிச்சிட்டு வரட்டும்."

"சரிக்கா."

"நீ அழுது காரியத்தக் கெடுத்துருவ."

"நான் என்னமும் சின்னப்பிள்ளையா? பேசாமப் படு."

அதுதான் கடைசிப் பேச்சு.

மாடியில் பிரீத்திகா கையை வீசி வீசிப் பேசுகிறாள் போலிருந்தது; வளையல் சத்தம் கேட்டது. ரோஜா துணியை மறுபடி நனைத்துக்கொண்டு திரும்பினாள். அக்காவின் நெஞ்சு ஒரு முறை ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை. விரல்கள் தளர்ந்து கரண்டி நழுவியது. தரையில் விழுவதற்கு முன் ரோஜா அதைப் பிடித்துவிட்டாள்.

பிடித்த கையோடு அப்படியே நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மேலே மகளின் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு சோலையம்மாள் வந்தாள். ரோஜாவுக்கு அத்தை, அப்பாவின் தங்கை, எதிர்வீடு. கட்டிலைப் பார்த்தாள், ரோஜாவின் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மார்பில் அறைந்துகொள்ள இரண்டு கையும் உயர்ந்தன. ரோஜா பாய்ந்து அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

"அத்தை, வேண்டாம். மேல பிள்ள இருக்கா."

"விடு என்ன. அடி எங்கண்ணன் மகளே…"

"அத்தை! உங்க கால்ல விழுறேன். ரெண்டு மணிக்குப் பேச்சு. முடிஞ்சதும் ஊரே கேக்க அழுவோம்."

சோலையம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். குரலை இறக்கினாள். "இது என்ன கொடுமைத்தா. கட்டுனவன் இல்ல, பெத்தது இல்ல. அழுகச் சத்தங்கூட இல்லாமலா கெடக்கணும் இவ? உசுரு போன ஒடனே அழுகணும்டி. ஆறிப்போயி அழுதா அது அழுகையா?"

"அக்காதான் சொல்லுச்சு."

"சொல்லுவா, சொல்லுவா. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாயத் தொறந்து பேச வச்சவ, போற அன்னைக்கு நம்ம வாயக் கட்டிட்டுப் போறா பாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

ரோஜா வாசலுக்குப் போய்க் கணவனைக் கையசைத்து அழைத்தாள். சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். சீசன் நேரம், ஆட்களைக் காலையில் இறக்கிவிட்டு வந்து, வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து மதினியின் காலடியில் நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"கேதம் சொல்லி விடணும். வேட்டு போட்டாத்தான தெருவுக்குத் தெரியும்" என்றான் மெதுவாக. இந்தப் பக்கம் சாவைக் கேதம் என்பார்கள்; உயிர் போன வீட்டு வாசலில் முதலில் வேட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் தெரு கூடும்.

"போட்டா மாடிக்கும் தெரியும்."

"நம்ம கம்பெனியில வேல பாத்துக்கிட்டு, நம்ம வீட்டுக் கேதத்துக்கு வேட்டு போடலன்னா நாளைக்கு என்னய என்ன பேசுவாய்ங்க தெரியுமா?"

"பேசிட்டுப் போகட்டும். உன் மக பேச வேண்டாமா?"

சங்கிலிமுத்து மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். "தெருவுக்குள்ள ஆள் வராமப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வேனைக் கொண்டுபோய்த் தெருமுனையில் குறுக்கே நிறுத்துகிற சத்தம் கேட்டது. "ஏலே சங்கிலி, வண்டிய எடுலே, வழிய மறிச்சிக்கிட்டு" என்று யாரோ கத்தினார்கள். "பிரேக் புடிக்க மாட்டேங்குண்ணே, சுத்திப் போங்க" என்றான் அவன்.

சோலையம்மாள் எழுந்து வந்தாள். வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்குக் கை நடுங்காது. பழைய வேட்டியைக் கிழித்தாள். கிழிகிற சத்தம் கேட்காமல் நூல் நூலாகப் பிரித்தாள். இரண்டு பேருமாக, வாய் திறக்காதபடி நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தலைமாட்டில் விளக்கை ஏற்ற ரோஜா தீக்குச்சியை உரசினாள். அந்தச் சின்னச் சத்தமே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் மாடியில் குரல் நின்றிருப்பதைக் கவனித்தாள்.

"பெரியம்மா…" பிரீத்திகா படிக்கட்டின் தலைப்பில் நின்று கூப்பிட்டாள். "என்ன, சத்தத்தையே காணோம்? நான் அம்புட்டும் சரியாவா பேசுறேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஒரு படி இறங்குகிற கொலுசுச் சத்தம். சோலையம்மாள் ரோஜாவைப் பார்த்தாள். ரோஜா வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது. தீக்குச்சியை உதறிவிட்டு, மடியில் செருகியிருந்த கரண்டியை எடுத்து, 'பேசு' என்பது போலக் கம்பியில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

கொலுசு நின்றது. "சரி, சரி. மொதல்ல இருந்து பேசுறேன்" என்று குரல் மேலே போனது.

பேச்சு மறுபடி தொடங்கியது. இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஓர் இடைவெளி விட்டு. கீழே காதைத் தீட்டிக்கொண்டு பேசுகிறாள் என்று ரோஜாவுக்குப் புரிந்தது. ஒரு தட்டாவது கேட்கவில்லையென்றால் மறுபடி இறங்கி வருவாள். எங்கே தட்டுவது? கரண்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து இனி எதுவும் வராது. சின்னதாக ஒரு வாக்கியம் வந்தது. அதன் முடிவில் குரல் கொஞ்சம் தயங்கியது போலிருந்தது. ரோஜா தட்டினாள்.

மாடியில் மௌனம். வழக்கமான யோசனையை விட நீளமான மௌனம். தகரக் கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு அந்த வாக்கியம் திரும்ப வந்தது. ரோஜா கூர்ந்து கேட்டாள். எதுவும் மாறவில்லை. முன்பு வந்தது போலவே, அதே சொற்கள் அதே வரிசையில் வந்தன. குரல் மட்டும் அடைத்திருந்தது.

அதற்குப் பிறகு மாடியிலிருந்து பேச்சு இல்லை. குழாயைத் திறந்து முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. லேப்டாப்பில் மணி ஒலித்தது. ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல். பிரீத்திகா தெளிவாக, உரக்க வணக்கம் சொன்னாள்.

அவர்கள் கேட்டார்கள், இவள் சொன்னாள். "யா, யா" என்பது மட்டும் ரோஜாவுக்குப் புரிந்தது. ஒருமுறை மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சோலையம்மாள் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். ரோஜா அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு முழுதாகப் போகவில்லை. உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அதில் முன்பு பேனா எழுத்து இருந்த இடம் எது என்று தேடுவது போல நீவினாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது. லேப்டாப்பை மூடுகிற சத்தம். கொலுசு ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசிப் படியில் பிரீத்திகா உட்கார்ந்தாள். நல்ல சட்டை போட்டு, தலையை இறுக்கி வாரியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கட்டிலைப் பார்த்தாள், விளக்கையும் நாடிக்கட்டையும் பார்த்தாள்.

"முடிஞ்சதாம்மா?" என்றாள் ரோஜா.

"ம்."

"என்ன சொன்னாக?"

"எடுத்துக்கிட்டாக. தையில வரச் சொல்லுறாக."

சோலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

"நீ தட்டும்போதே தெரியும்மா" என்றாள் பிரீத்திகா. "அந்த வரியில தப்பு வராது. மொத நாள் வகுப்புல படிச்ச வரி. பெரியம்மா அதுல ஒருநாளும் தட்டுனதில்ல."

"என்ன வரிம்மா அது?"

பிரீத்திகா கால்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்ல நாங்க நாலு பேருன்னு."

ரோஜாவின் கை அக்காவின் கையை இறுக்கியது.

"அவுகளும் அதத்தான் மொதல்ல கேட்டாக" என்றாள் பிரீத்திகா. "வீட்ல எத்தன பேருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நாலுன்னுதான் சொன்னேன்."

ரோஜா எழுந்து வாசலுக்குப் போனாள். தெருமுனையில், வேன் கதவில் சாய்ந்து நின்ற சங்கிலிமுத்து அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் வேனுக்குள் குனிந்து வேட்டை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். வாசலுக்கு நேரே மண்ணில் ஊன்றினான். பற்ற வைத்துவிட்டுத் திரும்பி நின்றான்.

சத்தத்தில் பக்கத்து ஓட்டு வீட்டுக் கோழிகள் சிதறின. உள்ளே சோலையம்மாளின் குரல், அத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்தது, "எங்கண்ணன் மகளே" என்று வீட்டை உடைத்துக்கொண்டு கிளம்பியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ரோஜா உள்ளே வந்தபோது, கட்டில் சட்டத்தில் வைத்திருந்த கரண்டி வேட்டின் அதிர்வில் நகர்ந்து கம்பியில் முட்டி நின்றிருந்தது. பிரீத்திகா கடைசிப் படியிலேயே இருந்தாள். அவள் கண் கரண்டியின் மேல் இருந்தது. அழுகைச் சத்தத்துக்கு நடுவில் அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சின்ன வாக்கியம். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அதே வாக்கியம்.