கீரைச்சாற்றில் அப்பா

ஸ்டுடியோக்காரரின் கடைப் பலகையில் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது: ‘எங்கள் படம் மங்காது.’ முப்பது வருடமாக அவர் அதைக் காப்பாற்றியும் வந்தார். இருட்டறைக் காலத்தில், படம் அழியாமல் நிற்க ஹைப்போக் கரைசலில் ஒருமுறை ஊறவைத்தால் போதும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இவர் இரண்டு முறை ஊறவைப்பார். அதனால் தொழில்காரர்கள் அவருக்கு ‘ஹைப்போ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதை ஒரு பட்டமாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். பாவம், யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள், மங்கிப்போவதற்கென்றே படம் போட ஆரம்பித்தாள். பசலைக்கீரையை அரைத்து, துணியில் பிழிந்து, சாற்றைத் தாளில் பூசிக் காயவைப்பாள். கண்ணாடித்தாளில் அச்சடித்த படத்தை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடியில் மூன்று வாரம் வெயிலில் போடுவாள். வெயில் பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான் வித்தை. படத்தைக் கொண்டுவந்த வெளிச்சமே பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடும். அதனால் சட்டத்தின் மேல் கறுப்புத் துணி போட்டு வைப்பாள். பார்க்கிறவர்கள் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

நான்கு மாதம் முன்பு, அவளுடைய தோழிகளும் ஆசிரியையும் கூடியிருந்த இடத்தில், ஸ்டுடியோக்காரர் ஒரு படத்தின் துணியைத் தூக்கிப் பார்த்தார். “சட்டையில கீரை சிந்தின மாதிரி இருக்கு. இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்று கேட்டுவிட்டார். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார். சிரித்தது அவர் ஒருவர்தான்.

அன்றோடு மகள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மா வழியாகத்தான். “அம்மா, மாடிச் சாவி எங்கன்னு கேளு” என்பாள், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. “சட்டைப் பையில இருக்குன்னு சொல்லு” என்பார் இவர். நடுவில் மனைவி, “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது” என்று முணுமுணுத்தபடி சாவியைக் கை மாற்றுவாள். வெளியே விறைப்பாகத் திரிந்தாலும் உள்ளுக்குள் அவர் உடைந்துபோயிருந்தார். ‘அப்பா’ என்று ஒரு வார்த்தை காதில் விழாதா என்று ஏங்கினார். மன்னிப்புக் கேட்கலாம்தான், ஆனால் எதற்கு என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

மகளுடைய கண்காட்சிக்கு முதல் நாள், மற்ற படங்களை மாட்ட அவள் அரங்குக்குப் போயிருந்தாள். பிற்பகலில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்கு வந்த ஸ்டுடியோக்காரர், தண்ணீர்த் தொட்டியருகே கடைசியாக வெயிலில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். கை சும்மா இருக்குமா? கிளிப்புகளைக் கழற்றித் தாளைத் தூக்கினார்.

அதில் இருந்தது அவர்தான். ஸ்டுடியோ முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மடியில் யாருடைய பாஸ்போர்ட் படங்களோ. எப்போது எடுத்தாளோ தெரியவில்லை. முகம் கொடுத்துப் பேசாத மகள், இருபத்தொரு நாள், காலையில் வெளியே வைத்து மாலையில் உள்ளே எடுத்து, அவர் முகத்தை வளர்த்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கியது, பழியை வெயிலின் மேல் போட்டார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. இவ்வளவு அருமையான படம் மங்கிப்போவதா என்று தொழில் புத்தி தலைதூக்கியது. பிள்ளைக்குப் படத்தை நிலைநிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதானே. அப்பா என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்? ஸ்டுடியோவின் பின்னறையில், தூசி படிந்த தட்டுகளுக்கு நடுவே, பிரிக்காத ஹைப்போப் பொட்டலம் ஒன்று மிச்சம் இருந்தது. கரைத்துத் தட்டில் ஊற்றித் தாளை அமிழ்த்தினார்.

மூக்குக்கண்ணாடி முதலில் போயிற்று. பிறகு வாய். பதறி எடுத்துக் குழாயடியில் பிடித்தார். மிச்சமிருந்த முக்காலியும் பச்சைத் தண்ணீராக ஓடியது. இரண்டாவது ஊறலுக்கு அவசியமே ஏற்படவில்லை. கையில் சுத்தமான வெள்ளைத்தாள் இருந்தது. இனி அது நூறு வருடமானாலும் மங்காது.

சாயங்காலம் மகள் வந்ததும், “உன் பொண்ணுகிட்ட சொல்லு, அந்தப் படத்தை நான் கழுவிட்டேன்னு” என்றார், மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டு.

மனைவி வாய் திறக்குமுன் மகள் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்தாள். அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

“அம்மா, புதுசா போட மூணு வாரம் ஆகும். கண்காட்சி நாளைக்கு. இதை அப்படியே மாட்டப்போறேன். இவர் அதுக்குப் பக்கத்துலயே நிக்கணும். யார் என்ன கேட்டாலும் இவர்தான் பதில் சொல்லணும். வருவாரான்னு கேளு.”

“வர்றேன்னு சொல்லு.”

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார். கறுப்புத் துணிக்குக் கீழே மகள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: ‘பசலைக்கீரைச் சாறு, இருபத்தொரு நாள் வெயில், ஹைப்போ, அப்பா.’

அங்கேதான் வேடிக்கை. நன்றாக வந்த படங்களையெல்லாம் இரண்டு நொடியில் தாண்டி வந்தவர்கள், இந்த வெள்ளைத்தாளின் முன்னால்தான் நேரம் போவது தெரியாமல் நின்றார்கள். ஓர் ஓவிய ஆசிரியர், “அப்பா இல்லாத வெறுமையை இதைவிடத் துணிச்சலா காட்ட முடியாது” என்றார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்ப தவறினார்?” என்று அவரிடமே கேட்டார். தலையாட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு பேருக்கு ஸ்டுடியோக்காரர் ஆட்டியும் விட்டார்.

மூன்றாவதாக வந்தவர் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். துணியைத் தூக்கினார், உள்ளே எட்டிப் பார்த்தார், சீட்டைப் படித்தார்.

“என்னண்ணே, ஒண்ணுமே இல்லையே.”

“இருந்துச்சு” என்றார் ஸ்டுடியோக்காரர். “நான் இருந்தேன். தூங்கிட்டு இருந்தேன். நல்லது பண்றேன்னு நான்தான் கழுவித் தொலைச்சேன். முப்பது வருஷத்துல எத்தனையோ ஆயிரம் பேரை எடுத்திருக்கேன். இவ என்னை எடுத்த மாதிரி ஒருத்தரைக்கூட நான் எடுத்ததில்ல. மங்கினா மங்கட்டும்னு விட்டிருக்கணும்.”

ஓவிய ஆசிரியர் அவசரமாக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

“இனிமே அந்த ஹைப்போவைத் தொட்டீங்க, கையைக் கட்டிப் போட்டுடுவேன்ப்பா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பழக்க தோஷத்தில் ஸ்டுடியோக்காரர் மனைவியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் தூரத்தில், வாசலருகே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.