மூன்று கிட்டாரும் ஒரு மோதிர விரலும்

சங்கீதத்துக்கும் கண்ணாடிக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவருக்குத் தோன்றுவது இரண்டே அபிப்பிராயம்: சத்தமாக இருக்கிறது, அல்லது சத்தமாக இல்லை. கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி செய்துகொடுப்பது அவர் தொழில். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மனைவியோ, எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினால் கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுப் பக்கம் போன கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறவள்.

வாரநாட்களில் அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. சனி, ஞாயிறு வந்தால் தம்பியோடும் இன்னும் இரண்டு பேரோடும் சேர்ந்து விழாக்களில் வாசிப்பாள். குழுவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'லீடு' என்பார்கள். பாட்டு நடுவே எல்லோரும் அடங்கிப்போக, தனியாக வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவது அவள் பொறுப்பு.

சில மாதங்களாக அவள் வாயில் ஒரே பல்லவி. பழைய கிட்டார் கெட்டுப்போய்விட்டது.

"கழுத்து வளைஞ்சுபோச்சுங்க. தந்தியெல்லாம் கம்பிவேலி மாதிரி தூக்கிட்டு நிக்குது. அழுத்தறதுக்குள்ள உயிர் போகுது."

"மாத்திடேன்."

"கத்திரிக்கா வாங்கற மாதிரி சொல்றீங்க!"

கிட்டாருக்கென்று அவள் தனியாகச் சேர்த்து வைத்திருந்தாள். இந்த முறை சல்லிசான சரக்கெல்லாம் வேண்டாம், வாங்கினால் உச்சாணிக் கொம்பில் இருக்கிறதைத்தான் வாங்குவது என்று தீர்மானம். களத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒன்று தேன் நிறம்: கனத்த உடம்பு, உருண்டு திரண்ட கழுத்து, பெயரைச் சொன்னாலே வாசிக்கத் தெரியாதவர்கள்கூட வாயைப் பிளக்கிற கம்பெனி. இன்னொன்று நீலம்: நீளமான கழுத்து, கண்ணாடியை உடைத்தாற்போல் கணீரென்ற ஓசை. மூன்றாவது கறுப்பு: எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் நாலைந்து பேர் கையால் செய்தது, உடம்பை உள்ளே குடைந்து எடை குறைத்தது. விலையில் நீலத்துக்குச் சளைத்ததல்ல. பெயரைத்தான் ஒருவருக்கும் தெரியாது.

சாப்பிடும்போது நீலத்தின் பெருமை, பல் துலக்கும்போது தேன் நிறத்தின் குறை, படுக்கும்போது கறுப்பின் மரம் எந்த மரம் என்கிற ஆராய்ச்சி. கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் 'ஊம்' கொட்டினார். பாதி புரியவில்லை. ஆனால் அவள் அப்படிக் கண் விரியப் பேசும்போது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைத்துனனையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்கள். மைத்துனன் லிஃப்ட் பொருத்துகிற மெக்கானிக். குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். வழி நெடுகத் தேன் நிறத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. நாளைக்கே விக்கணும்னாலும் போட்ட காசு கைக்கு வரும். அந்தக் கறுப்பை யார்கிட்ட போய் விப்பீங்க? பேர் சொன்னா, என்ன, மிக்ஸி கம்பெனியான்னு கேப்பான்."

கடைக்காரர் தலைமுடியைத் தூக்கிக் குடுமி போட்டிருந்தார். மூன்றையும் இறக்கி வரிசையாக ஸ்டாண்டில் நிறுத்தினார். அவள் தேன் நிறத்தை எடுத்தாள், வைத்தாள். நீலத்தை எடுத்தாள், மறுபடி தேன் நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதும் மரத்தின் ரேகையைத் தடவுவதுமாக நேரம் ஓடியது. முடிவு மட்டும் வருகிற வழியாக இல்லை.

கண்ணாடிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நீ கண்ணால வாங்கற. என் கடைக்கு வரவங்ககூட இப்படித்தான், ஃப்ரேமைப் பார்த்து மயங்கிடுவாங்க. கண்ணைக் கட்டிட்டு வாசி. ரெண்டு ரெண்டா மாத்தித் தர்றேன். எது தேவலைன்னு மட்டும் சொல்லு."

"பாருடா, உங்க மாமா எனக்கு டெஸ்ட் வைக்கிறார்," என்று சிரித்தாள். ஆனாலும் துப்பட்டாவை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கடைக்காரருக்கும் விளையாட்டு பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டார், ஒலிபெருக்கியை ஒரே அளவில் வைத்தார், மைத்துனனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

ஒரே மெட்டை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவர்கள் குழுவின் பேர்போன தனி வாசிப்பு அது. கீழிருந்து படியேறி, நடுவில் விரல்கள் அகல விரிந்து ஒரு தாவு தாவி, உச்சியில் போய் நிற்கும். கண்ணாடிக்காரர் ஒன்றை வாங்கி இன்னொன்றை மடியில் வைத்தார். "முன்னதா, இதுவா?" "முன்னது." "இப்ப?" "இது கொஞ்சம் தேவலை... இருங்க, இல்ல."

மைத்துனனும் கடைக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். காது உதவாத கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். நாளெல்லாம் இருட்டறையில் மனிதர்களின் நெற்றியையும் புருவத்தையும் பார்த்துப் பழகிப்போன கண். தேன் நிறத்தில் அந்தத் தாவு வந்தபோது அவள் தாடை இறுகியது. நீலத்தில் அதே இடத்தில் தாடை இறுகியதோடு இடது தோளும் ஏறியது. கறுப்பில் தோள் ஏறவில்லை. ஆனால் தாடை இறுகத்தான் செய்தது. மூன்றிலும் அதே இடம், அதே மோதிர விரல்.

புதுக் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் எழுத்து மங்குகிறது என்பவர்கள் அவர் கடைக்கு வருவதுண்டு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் பதமாகச் சொல்வது அவர் தொழிலிலேயே கஷ்டமான காரியம். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவில் உறைத்தது. சில மாதங்களாகத் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கிற வேலையெல்லாம் அவர் கைக்கே வருகிறது. காலையில் காபி டம்ளரை அவள் குடிக்காமல் இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"போதும்," என்றார். "இன்னிக்கு வேணாம். வீட்டுல போய் யோசிப்போம்."

அவள் துப்பட்டாவை உருவினாள். "ஏன்? இப்பத்தானே சூடு பிடிக்குது!"

"சொல்றேன், வா."

மைத்துனன் பேஸ் கிட்டார்கள் பக்கம் ஒதுங்கிவிட்டான். கடைக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நேரே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். கடைசியில் அவள் இடது கையைப் பிடித்து, மோதிர விரலின் நடுக்கணுவை லேசாக அழுத்தினார்.

"ஸ்ஸ்!" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா? கிட்டார் வாசிக்கிற கையில வலி இல்லாம பூவா பூக்கும்?"

"மூணு கிட்டாரும் ஒரே இடத்துலயா வலிக்கும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஸ்வரம் தெரியாத ஆள் தன் வாசிப்பில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றாள். கண்ணைப் பார்க்கிற வேலையைக் கடையோடு வைத்துக்கொள்ளச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து தணிந்த குரலில், "பழைய கிட்டார்லதான் கோளாறுன்னு நெனச்சேங்க. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்," என்றாள்.

"தெரியும்."

"வாசிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டா?"

"யாரு சொல்றது?"

"டாக்டருதான்."

"சொன்னா, வேற டாக்டரைப் பார்ப்போம்," என்றார் கண்ணாடிக்காரர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

வேறு டாக்டரைப் பார்க்கவேண்டி வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்த எலும்பு டாக்டரம்மா, மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்பம்தான் என்றார். வெந்நீர் ஒத்தடம், பயிற்சி, வாசிப்புக்கு நடுவே ஓய்வு. "விட்டுடாதீங்க. விட்டாத்தான் இறுகும். ஆனா முரட்டுத்தனமா மல்லுக்கட்டாதீங்க." இரண்டு நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. டிரைவிங் ஸ்கூல் மாணவர் ஒருவர் கியரை நறநறவென்று மாற்றியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் அவளே தம்பியையும் வரச் சொல்லிவிட்டு, "கிளம்புங்க, கடைக்கு," என்றாள்.

இந்தத் தடவை ஓசையைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. குடுமிக்காரரிடம் கையை நீட்டி, விஷயத்தை உடைத்துச் சொன்னாள். அவர் முகத்தில் பரிதாபம் காட்டாதது கண்ணாடிக்காரருக்கு மிகவும் பிடித்தது. நேரே வேலையில் இறங்கினார். நீலத்தின் கழுத்து நீளம்; விரல்கள் அதிகம் விரிய வேண்டும். அதை ஓரமாக வைத்தார். தேன் நிறத்தின் கழுத்து நீளம் பரவாயில்லை. ஆனால் கை கொள்ளாத பருமன், தோளில் மாட்டினால் தோளும் கையும் சேர்ந்து உழைக்கும். அதுவும் ஓரமாகப் போயிற்று. கறுப்பின் கழுத்து குட்டை, மெல்லிசு. அதிலிருந்த தந்திகளைக் கழற்றிவிட்டு, மெலிந்த தந்திகளைக் கட்டினார். சின்னத் திருகுகளை முடுக்கித் தந்திகளைக் கழுத்தோடு ஒட்டினாற்போல் தாழ்த்தினார். "இதுக்குக் கீழ இறக்கினா உரசி இரையும். இப்ப பாருங்க."

அவள் வாசித்தாள். தாவு வந்தது. கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடையைப் பார்த்தார். லேசாக ஓர் இறுக்கம், உடனே தளர்ந்தது. இரண்டாம் முறை அவள் அந்த இடத்தில் விரலை விரிக்காமல் தந்தி மேலேயே வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நிமிர்ந்து, "அட!" என்றாள்.

"தேன் நிறத்துல இருக்கற கனம் இதுல வராதுக்கா," என்றான் மைத்துனன்.

"வராது. எனக்கும் கேக்குது."

"விக்கவும் முடியாது."

"நான் விக்கப்போறேன்னு உனக்கு எவன்டா சொன்னான்?"

தேன் நிறத்தை ஒருமுறை ஆசையாகத் தடவிக்கொடுத்துவிட்டு, கறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதம் பகல் விருந்தொன்றில் அவள் அதை மேடையேற்றினாள். ஒலியமைப்பு கரகரத்தது, குழந்தைகள் மேடைக்குக் குறுக்கே ஓடின. தனி வாசிப்பு வந்ததும் பழைய தாவலுக்குப் பதிலாக அந்த வழுக்கல். ஓரிடத்தில் விரல் நழுவி ஸ்வரம் பிசகியதாம். கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை, அவள்தான் பிறகு சொன்னாள். கூட்டத்துக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கை தட்டல் ஓய்வதற்குள் மேடைப் பக்கம் வந்த ஓர் ஆள் அது என்ன கிட்டார் என்று விசாரித்தார். மைத்துனன் முந்திக்கொண்டான். "கையால செஞ்சதுங்க. லேசா இருக்கும், கழுத்து வெண்ணெய். கம்பெனி பேரைப் பார்த்து ஏமாறாம, நல்லாத் தேடிப் பிடிச்சோம்." கண்ணாடிக்காரர் திரும்பி நின்று சிரித்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது அவள்தான் வண்டி ஓட்டினாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, "வலிக்குதுங்க," என்று அவர் மடியில் வைத்தாள். அவர் கணுக்கணுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தார். பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.

"பச்சை விழுந்துடுச்சு," என்றார்.

"அடிக்கட்டும். அந்த விரலை முடிங்க," என்றாள், பச்சை விழுந்தபின் ஒரு நொடி தயங்கினாலும் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற அந்த மேடம்.