கோட்டுக்குக் கிடைத்த கைதட்டல்

ஐந்தாவது கோல் விழுந்ததை ஜெர்சியக்காவுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. உடைமாற்றும் அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேல் உள்ளூர்க்காரர்களின் கூச்சல் கூரைத் தகட்டையே உலுக்கியது. அணியின் உடைகளைத் துவைத்து, மடித்து, ஊர் ஊராகச் சுமந்து போகிற வேலை அவளுடையது. ஒன்பது வருடமாகியும் அங்கே அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அந்தப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் நனைந்துகொண்டிருந்த அறுபத்து மூன்று பேரைப் பற்றித்தான். அவர்களைப் பஸ் பிடித்துக் கூட்டி வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டு வாரம் முழுக்க அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வெளியூரில் ஆட்டம் என்றால் மட்டும் போனை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். சீசன் தொடங்கியபோது மூன்று பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கோச் ரசிகர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட, இப்போது ஒரு பஸ்தான். ஆட்டக்காரர்களும் போகக் கூடாதாம். தோற்றவன் மைதானத்தில் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஜெயித்த அன்று மட்டும் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வர அவருக்குக் கால் வலிப்பதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அண்ணன் சொல்லிவிட்டான். "ஜெயிக்கச் சொல்லல. தோத்தாலும் வந்து ஒரு கை தூக்கிட்டுப் போகச் சொல்லு. இன்னைக்கும் வரலேன்னா அடுத்த தடவ பஸ் கிடையாது. நானும் கிடையாது."

அவன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. மனைவி வீட்டாரோடு ஒருமுறை மனஸ்தாபமானபோது பதினோரு வருடம் அந்தத் தெருப்பக்கமே போகாதவன்.

ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. கோச் மழைக்கோட்டைக் கழற்றி பெஞ்சில் வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆட்டக்காரர்களும் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே. வேலிக்குள் இருப்பவர்கள் அப்படிப் போய்விட முடியாது. உள்ளூர்க் கூட்டம் கலைகிற வரைக்கும், அடிதடி வந்துவிடாமலிருக்க, வெளியூர்க்காரர்களைக் கதவைப் பூட்டி அரை மணி நேரம் நிறுத்திவைப்பது எங்கேயும் வழக்கம். அணி அடி வாங்கியதைப் பார்த்தவர்கள் காலி மைதானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மாற்று ஆட்டக்காரர்கள் அந்த வேலியோரத்து மூலையில்தான் ஓடிப் பழகிவிட்டு மேல்சட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பொறுக்கப் போனாள் ஜெர்சியக்கா. இரண்டு கையிலும் பை. பெஞ்சில் கிடந்த கோச்சின் மழைக்கோட்டை எப்படித் தூக்குவது? எப்போதும் செய்வதுபோலப் போட்டுக்கொண்டாள். மழை வலுக்கவே அதன் தொப்பியையும் நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாதி மைதானம் தாண்டியதும் கைதட்டல் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மொத்தப் பேரும். "கோச்! கோச்!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒரு பெரியவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கோட்டைப் பார்த்து அவரென்றே நினைத்துவிட்டார்கள். ஒரு கையைத் தூக்கினால் போதும், இந்த மழையில் யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த பஸ் கிளம்பிவிடும். பையைக் கீழே வைத்து, கையைக்கூடப் பாதி தூக்கிவிட்டாள். அப்போதுதான் கோபம் வந்தது. அந்த மனிதர் உள்ளே சூடாக எதையோ குடித்துக்கொண்டிருக்க, அவர் வாங்க வராத கைதட்டலை இவள் வாங்கிக்கொடுப்பதா? தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் கம்பியருகே வந்தான்.

"கோட்ட மட்டும் அனுப்பி வச்சாரா?"

அவன் திரும்பி, வேலியில் கட்டியிருந்த பேனரின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

திரும்பி வரும்போது பத்திரிகைக்காரர்களின் அறைக் கதவு திறந்திருந்தது. கோச் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "இவ்வளவு தூரம் வந்த நம்ம ரசிகர்களுக்கு மனசார நன்றி சொல்லிக்கறேன்."

ஒன்பது வருடத்தில் அந்த அறைக்குள் கால் வைக்காதவள், சேற்றுக் காலோடு நுழைந்தாள்.

"அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க சார். இதை அவங்ககிட்டயே போய்ச் சொல்லுங்க. கதவு தெறக்கப் பத்து நிமிஷம் இருக்கு."

கோச் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதும்மா?" குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சு கோலையும் பாத்தவங்க சார். உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தாள். பிறகு கையை எடுத்து, "அடுத்த கேள்வி" என்றார்.

நடைவழியில் கோல்கீப்பர் காலை ஐஸ் வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து முறை வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்கியவன். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"நிஜமாவே இன்னும் நிக்கிறாங்களாக்கா?"

அவள் தலையாட்டினாள். அவன் வாளியிலிருந்து காலை எடுத்தான். செருப்பைக்கூடத் தேடவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது வேலிக் கதவை அதற்குள் திறந்துவிட்டிருந்தார்கள். முதுகுகள்தான் தெரிந்தன, ஒவ்வொன்றாகப் படியேறிப் போய்க்கொண்டிருந்தன. கோல்கீப்பர் வெறுங்காலோடு நொண்டி நொண்டிப் போய், காலியாகிக்கொண்டிருந்த வரிசைகளுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினான். பேனரின் நனைந்து இறுகிய கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கயிறு அவன் வாயிலேயே இருந்தது.